‘டேப்’ என்னும் ஆங்கிலச் சொல்: முளையிலிருந்து தட்டல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓர் ஆங்கிலப் பத்தியை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தாள். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘விடியும் முன்பே குழாய்க்காரர் மரத்தடிக்கு வந்துவிட்டார்.’ மூலத்தில் இருந்த சொல் ‘டேப்பர்’. அகராதியைத் திறந்தவள், ‘டேப்’ என்பதற்கு முதலில் கண்ட ‘குழாய்’ என்னும் பொருளை எடுத்து, அதனோடு ‘காரர்’ சேர்த்திருக்கிறாள். அவளுடைய பாட்டா, அதாவது தாத்தா, நாற்பது ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்டுகிறவர். அந்த வரியில் வருகிற மனிதர் அவள் வீட்டிலேயே இருக்கிறார். தினமும் கண்ணால் காணும் ஒரு வேலையை அந்த ஆங்கிலச் சொல் அவளுக்குக் காட்டாமல் போனதுதான் என்னை வருத்தியது.

தவறு அவளுடையது அல்ல. பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் முறையே இப்படிப்பட்ட பிழைக்கு வழி வைக்கிறது. ‘டி’, ‘ஏ’, ‘பி’ என மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல்லுக்கு அகராதிகள் இருபதுக்கும் குறையாத பொருள்களைத் தருகின்றன. அவற்றை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. எந்த வேரிலிருந்து எந்தக் கிளை வந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. இந்தச் சொல்லின் முக்கியமான கிளைகள் பல நம்முடைய தோட்டத்திலேயே நிற்கின்றன.

முதல் படி: ஒலியையும் எழுத்தையும் சரிசெய்துகொள்ளுதல்

இந்தச் சொல்லின் உயிரொலி தமிழின் ‘ஆ’வும் அல்ல, ‘ஏ’யும் அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டது. அதனால்தான் ‘பாங்க்’ என்று சிலரும் ‘பேங்க்’ என்று சிலரும் எழுதுவதைப் போல, இதையும் ‘டாப்’ என்றும் ‘டேப்’ என்றும் எழுதுகிறோம். மலையாளத்தின் சாயலால் நம் பக்கத்துத் தோட்டங்களில் ‘டாப்பிங்’ என்றே பெரும்பாலும் காதில் விழுகிறது. செய்தித்தாள்களில் ‘டேப்பிங்’ என்று வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் ‘டேப்’ என்றே எழுதுகிறேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அளவெடுக்கும் நாடாவையும், ஒட்டும் நாடாவையும், பழைய பாட்டுக் கேசட்டின் நாடாவையும் தமிழில் ‘டேப்’ என்றுதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது நான்கு எழுத்துச் சொல். இறுதியில் ‘ஈ’ என்னும் எழுத்து நிற்கும். ஒலியும் நீண்டு ‘டெய்ப்’ என்று வரும். ‘போன் டேப்பிங்’ என்பதைத் தொலைபேசிப் பேச்சை நாடாவில் பதிவு செய்தல் என்று பலர் புரிந்துகொண்டிருப்பது இந்தக் குழப்பத்தால்தான். அந்தத் தொடரில் நாடா இல்லை. ஏன் இல்லை என்பது மூன்றாம் படியில் விளங்கும்.

இரண்டாம் படி: ஒரு சொல்லா, இரண்டு சொற்களா என்று கேட்டல்

என் அனுபவத்தில் முக்கால்வாசிச் சிக்கல் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடுகிறது. ‘டேப்’ என்பது ஒரே எழுத்துக்கூட்டில் ஒளிந்திருக்கும் இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒன்று பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. மரப்பீப்பாயின் துளையை அடைக்கும் கூம்பு வடிவ முளைக்கு அப்பெயர். ஜெர்மன் மொழியில் முளையைக் குறிக்கும் ‘ட்ஸாப்ஃபன்’ இதன் உடன்பிறப்பு. மற்றொன்று பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மெல்ல அடித்தல், தட்டுதல் என்று பொருள். அது ஓசையைப் பின்பற்றிப் பிறந்த சொல்லாகக் கருதப்படுகிறது. நம் மொழியில் ‘தட்’ என்ற ஓசையும் ‘தட்டு’ என்ற வினையும் ஒட்டி நிற்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஓர் உருவில் இரு சொற்கள் இருப்பது தமிழர்க்குப் புதிதல்ல. சோறு போடும் தட்டும் கதவைத் தட்டும் தட்டும் நம்மைக் குழப்புவதில்லை. வாக்கியத்தைக் கேட்டவுடனே எது என்று தெரிந்துவிடுகிறது. அதே தெளிவை ஆங்கிலச் சொல்லிலும் பெறுவதற்கு, ஒவ்வொரு வாக்கியத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே ஏதாவது ஒழுகுகிறதா, அல்லது ஏதாவது தொடுகிறதா? ஒழுகினால் முளையின் குடும்பம். தொட்டால் தட்டலின் குடும்பம்.

மூன்றாம் படி: முளையின் குடும்பத்தை அறிதல்

பீப்பாயில் ஒரு துளை. துளையில் ஒரு முளை. முளையைச் செருகினால் அடைப்பு, பிடுங்கினால் ஒழுக்கு. அடைப்பதற்கும் திறப்பதற்கும் கருவி ஒன்றே என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தின் எல்லாப் பொருள்களும் அந்த ஒரு காட்சியிலிருந்து கிளைத்தவை. காலப்போக்கில் முளையையே உள்ளீடற்றதாகக் குடைந்து, பிடியைத் திருகினால் திறக்கும்படி செய்தார்கள். அதுதான் இன்றைய தண்ணீர் டேப். இதைத் தமிழில் எழுத்து வழக்கில் ‘குழாய்’ என்கிறோம். பேச்சில் ‘பைப்பு’ என்கிறோம். ‘பைப்பை அடை’ என்று நாம் சொல்லும்போது, ஆங்கிலேயர் ‘பைப்’ என்று சொல்லாமல் ‘டேப்’ என்றே சொல்வார். அவருக்குப் பைப் என்பது தண்ணீர் வரும் வழி; டேப் என்பது அந்த வழியின் முனையில் இருக்கும் திறப்பான். மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘குளோஸ் த பைப்’ என்று எழுதுவது இதனால் வரும் பிழை. ‘டர்ன் ஆஃப் த டேப்’ என்று எழுத வேண்டும்.

இனி ரப்பருக்கு வருவோம். ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடுகள். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். ஆசியத் தோட்டங்கள் அந்த விதைகளின் வழிவந்தவை. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தபோது மரத்துக்கு ஆழமான காயம் ஏற்பட்டது. 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லச் சீவி, மரம் பிழைத்திருக்கவே பல்லாண்டு பால் எடுக்கும் முறையை வகுத்தார். ஆங்கிலம் இந்தச் செயலை வெட்டு என்னும் சொல்லால் குறிக்காமல் ‘டேப்’ என்ற சொல்லால் குறிப்பதற்குப் பொருத்தம் இங்கே இருக்கிறது: கண்ணுக்குத் தெரிவது வெட்டாக இருந்தாலும், நோக்கம் ஓட்டத்துக்கு அளவாக வழி திறப்பது.

இதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் அகராதி தேவைப்படாது. இருட்டு விலகுவதற்கு முன், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தொழிலாளி மரத்தருகே வருகிறார். முந்தைய வெட்டின் சாலில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடா போல இழுத்தெடுத்துக் கூடையில் போடுகிறார். பிறகு கத்தியை இடப்பக்கத்தின் மேலிருந்து வலப்பக்கத்தின் கீழ் நோக்கிச் சாய்வாக இழுக்கிறார். தாள் போன்ற ஒரு சீவல் சுருண்டு விழுகிறது. வெட்டிய கோட்டில் முதலில் வெண்ணிறப் புள்ளிகள் துளிர்க்கின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, சாலில் இறங்கி, மரத்தில் பதித்த தகட்டுச் சில்லின் வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்குகின்றன. பட்டைக்குள் இருக்கும் பால்குழல்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகமான குழல்கள் திறக்கும். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையில் இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொடக்கூடாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். தொட்டுவிட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறி, அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாமல் போகும். அந்த மாணவியின் பாட்டா அவளிடம் ஒருநாள் சொன்னாராம்: ‘மக்கா, மரத்துக்கு நோவாம வெட்டணும், ஆனா பாலு நிக்காமலும் வெட்டணும்.’ ‘டேப்’ என்னும் வினையின் முழுப் பொருளும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. ஆதலால் ‘ரப்பர் டேப்பர்’ என்பதைப் ‘பால் வெட்டும் தொழிலாளி’ அல்லது ‘பால்வடிப்புத் தொழிலாளி’ என்று எழுதுங்கள். முன்னது பேச்சில் உயிரோடு இருக்கும் சொல்; நான் அதையே விரும்புகிறேன்.

பனைக்கும் தென்னைக்கும் இதே சொல்தான். ஆங்கில நூல்களில் பனையேறிகளை ‘டாடி டேப்பர்’ என்று எழுதுவது வழக்கம். ‘டாடி’ என்றால் கள். இதை எழுத்துக்கு எழுத்து ‘கள் இறக்குபவர்’ என்று மொழிபெயர்ப்பது எங்கள் பக்கத்தில் பெரும்பிழையாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி, புளிக்கவிடாமல் இறக்கும் அக்கானி, அதாவது பதநீர், வேறு; கள் வேறு. அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிய ஒரு குடும்பத்தின் உழைப்பைக் கள்ளோடு சேர்த்து எழுதிவிடக் கூடாது. பத்தியில் எது இறக்கப்படுகிறது என்று பார்த்து, தெளிவில்லையென்றால் ‘பனையேறி’ என்றோ ‘பனைத்தொழிலாளி’ என்றோ எழுதுவதே நேர்மை. தென்னையில் இன்னொரு நுட்பமும் உண்டு. அங்கே விரியாத பாளையைக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்திய பிறகே நுனியைச் சீவிச் சாறு எடுக்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த தட்டலும் பழைய ஆங்கிலத்தின் முளைத்திறப்பும் ஒரே பாளையில் சந்திக்கும் இடம் இது. இரண்டு வேர்களையும் மாணவர்களுக்கு நினைவில் நிறுத்த இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

‘டேப்ரூட்’ என்னும் சொல்லில் ஒழுக்கு எதுவும் இல்லையே என்று கேட்கலாம். அங்கே வேலை செய்வது முளையின் வடிவம். நேரே கீழிறங்கி, போகப்போகக் கூம்பும் வேர் என்பதால் அது முளைவேர். தமிழர் அதே காட்சியைக் கண்டு ‘ஆணிவேர்’ என்று பெயரிட்டார்கள். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வேரைப் பார்த்து ஒரே உவமையை எட்டியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. தென்னைக்கு ஆணிவேர் இல்லை; பலாவுக்கும் ரப்பருக்கும் உண்டு.

மருத்துவமனையில் இந்தச் சொல் அச்சத்தைத் தரலாம். முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதிப்பது ‘ஸ்பைனல் டேப்’. வயிற்றிலோ நுரையீரல் உறையிலோ தேங்கிய நீரை வடிப்பதையும் மருத்துவர்கள் ‘டேப்’ என்பார்கள். உறவினருக்கு விளக்கும்போது ‘நீர் எடுத்தல்’ என்று சொன்னால் போதும்.

தொலைபேசி ஒட்டுக்கேட்டலும் முளையின் குடும்பமே. தந்திக் கம்பிகள் இருந்த காலத்தில், பீப்பாயில் துளையிட்டுச் சாற்றை எடுப்பது போலக் கம்பியில் ஓர் இணைப்பைச் செருகிச் செய்தியை எடுத்தார்கள். ஓடுவது சாறு அல்ல, செய்தி, வழி அதுவே. இந்தியாவில் இதற்கான அதிகாரம் நெடுங்காலம் 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவிலிருந்து வந்தது. தமிழில் ‘ஒட்டுக்கேட்டல்’ என்பது நல்ல சொல். சட்டப்படி ஆணை பெற்றுச் செய்வதைக் குறிக்க ‘இடைமறித்தல்’ பொருந்தும். அதே வழியில்தான் இயற்கை வளத்தையும் திறமையையும் சந்தையையும் ‘டேப்’ செய்வதாக எழுதுகிறார்கள். ‘அன்டேப்ட் பொட்டன்ஷியல்’ என்பதற்குத் ‘தட்டப்படாத ஆற்றல்’ என்று அச்சில் கண்டிருக்கிறேன்; இரண்டு குடும்பங்களையும் கலந்துவிட்ட மொழிபெயர்ப்பு அது. ‘இன்னும் பயன்படுத்தப்படாத ஆற்றல்’ என்று எழுத வேண்டும்.

பட்டறையில் ‘டேப்’ என்பது துளையின் உட்புறத்தில் மரை வெட்டும் கருவி. கம்பியின் வெளிப்புறத்தில் மரை வெட்டுவது ‘டை’. மின்மாற்றியில் சுருளின் இடையிலிருந்து எடுக்கப்படும் இணைப்பும் டேப்தான். இவற்றை மொழிபெயர்க்க முயல வேண்டாம். தொழில் செய்கிறவர்கள் டேப் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு தொலைதூர உறவினரும் இருக்கிறார். இராணுவ அணிவகுப்பு இசை நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் ‘டாட்டூ’ என்கிறார்கள். அது டச்சு மொழியின் ‘டாப்டூ’ என்பதிலிருந்து வந்தது. ‘டேப்பை மூடு’ என்று பொருள். இரவில் முரசு கொட்டியதும் மதுக்கடைக்காரர்கள் பீப்பாயை அடைக்க வேண்டும், படைவீரர்கள் பாசறைக்குத் திரும்ப வேண்டும். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சுக்காரர்களின் மொழி அது; அந்தப் போருக்குப் பின் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். தோலில் குத்தும் ‘டாட்டூ’ மட்டும் வேறு. அது பாலினேசிய மொழிகளிலிருந்து வந்தது. அங்கும் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள்தாம்.

நான்காம் படி: தட்டலின் குடும்பத்தை அறிதல்

இந்தக் குடும்பம் சிறியது, எளியது. விரல்நுனியால் மெல்ல ஒருமுறையோ இருமுறையோ தொட்டெடுப்பதே அடிப்படைப் பொருள். தோளில் தட்டிக் கூப்பிடுதல், மேசையில் தாளம் போடுதல், கைப்பேசித் திரையைத் தொடுதல், அட்டையைக் கருவியின்மேல் காட்டிப் பணம் செலுத்துதல், காலணியின் அடியில் உலோகத் தகடு பதித்து ஆடும் ‘டேப் டான்ஸ்’, கால்பந்தில் கோல் முனையிலிருந்து எளிதாகத் தள்ளிவிடும் ‘டேப் இன்’ எல்லாம் இதில் அடங்கும். கைப்பேசி வழிகாட்டிகளை மொழிபெயர்க்கிறவர்கள் ‘தட்டவும்’, ‘தொடவும்’, ‘அழுத்தவும்’ ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒரு கட்டுரைக்குள் ‘தட்டவும்’ என்பதையே கடைப்பிடியுங்கள். ‘அழுத்தவும்’ என்பதை நீளமாக அழுத்திப் பிடிக்கும் செயலுக்கு ஒதுக்கிவையுங்கள்.

ஒலியியலாரும் இந்தச் சொல்லைக் கையாள்கிறார்கள். நாவின் நுனி மேல் ஈறை ஒரே ஒருமுறை தட்டி விலகும் ஒலிக்கு ‘டேப்’ என்று பெயர். ‘மரம்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ‘ர’ அதுதான். நா பலமுறை அதிர்வதுதான் ‘மறம்’ என்பதில் வரும் வல்லின ‘ற’வின் மரபான ஒலிப்பு. அமெரிக்கர்கள் ‘வாட்டர்’ என்பதைச் சொல்லும்போது நடுவில் உள்ள ஒலி நம் ‘ர’வுக்கு மிக நெருங்கிவிடுவது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஒட்டி வரும் சிறுசொற்களைக் கவனித்தல்

வேரைக் கண்டுபிடித்த பிறகும் ஐயம் இருந்தால் பக்கத்தில் நிற்கும் சிறுசொல் வழிகாட்டும். ‘டேப் ஆன்’ என்று வந்து பின்னால் கதவு, தோள், மேசை இருந்தால் தட்டுதல். ‘டேப் இன்டு’ என்று வந்தால் ஒரு வளத்தையோ உணர்வையோ பயன்படுத்திக்கொள்ளுதல். ‘ஆன் டேப்’ என்றால் திருகினால் வருவதுபோல எப்போதும் கைவசம் இருப்பது. ஒருவரை ஒரு பொருளுக்காக ‘டேப் ஃபார்’ செய்தால், இடத்தைப் பொறுத்து, அவரிடம் பணம் கேட்பதாகவோ, பதவிக்கு அவரைத் தெரிவு செய்வதாகவோ இருக்கும். இரண்டாவது அமெரிக்கச் செய்திகளில் மிகுதி. ‘டேப் அவுட்’ என்பது மல்யுத்தத்தில் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுதல். ஆனால் ஒருவர் ‘டேப்ட் அவுட்’ ஆகிவிட்டதாக வந்தால், பீப்பாய் வற்றியதுபோலக் கையில் காசு தீர்ந்துவிட்டது என்று பொருள். அமெரிக்க இராணுவ இறுதிச் சடங்கில் ஊதப்படும் ‘டேப்ஸ்’ ஓர் இசையின் பெயர். அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட வேண்டும்.

ஆறாம் படி: நிகர்ச்சொற்களில் சரியானதைத் தெரிவு செய்தல்

நிகர்ச்சொல் என்பதால் எதையும் எங்கும் மாற்றிவிடலாம் என்று நினைப்பது தவறு. தட்டலில் ‘நாக்’ என்பது உள்ளே வர அனுமதி கேட்டு விரல்முட்டியால் தட்டுவது. ‘பேட்’ என்பது உள்ளங்கையால் அன்போடு தட்டிக்கொடுப்பது. ‘டேப்’ விரல்நுனியோடு நிற்கிறது. தமிழில் ‘தட்டு’, ‘தட்டிக்கொடு’, ‘தொடு’ என்று வெவ்வேறு வினைகளால் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடலாம்.

தண்ணீர்க் குழாய்க்கு அமெரிக்கர் ‘ஃபாசெட்’ என்பர். நம் ஹார்டுவேர் கடைக்குப் போனால் ‘பிப் காக்’, ‘பில்லர் காக்’, ‘ஸ்டாப் காக்’ என்றே கேட்க வேண்டியிருக்கும்; சுவரில் நீட்டிக்கொண்டிருப்பது முதலாவது, கைகழுவும் தொட்டியின்மேல் நிமிர்ந்து நிற்பது இரண்டாவது, வழியிலேயே ஓட்டத்தை நிறுத்துவது மூன்றாவது.

வளத்தைக் குறிக்கும் இடத்தில் ‘டிரா ஆன்’, ‘யூஸ்’ ஆகியவை நடுநிலையானவை. ‘எக்ஸ்பிளாய்ட்’ என்பதில் சுரண்டலின் நிழல் உண்டு. ‘டிரெயின்’ என்றால் மிச்சமில்லாமல் வற்றவைத்தல். ரப்பர் மரத்தை ‘டேப்’ செய்யலாம். ‘டிரெயின்’ செய்தால் மரம் பட்டுப்போகும். மொட்டு ஒட்டப்பட்ட கன்று, 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு எட்டும்வரை, அதாவது பொதுவாக ஏழு ஆண்டுகள்வரை, காத்திருந்து, பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது அந்த வேறுபாட்டை அறிந்தவர்களின் வழக்கம். ஒட்டுக்கேட்டலில் ‘பக்’ என்பது ஒலிவாங்கியை ஒளித்துவைத்துக் கேட்பது. ‘ஈவ்ஸ்டிராப்’ கருவியில்லாமல் மறைந்து நின்று கேட்பது. கூரை இறவாரத்திலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் ஒதுங்கி நின்று வீட்டுப் பேச்சைக் கேட்டவனிடமிருந்து வந்த சொல் அது.

ஏழாம் படி: பயிற்சி

மாணவர்களுக்கு நான் தரும் ஐந்து வாக்கியங்களை இங்கே தமிழில் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘டேப்’ என்னும் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். ‘தக்கலைப் பேருந்தில் யாரோ என் தோளைத் தட்டினார்.’ ‘பைப்பை அடைக்காமல் பள்ளிக்குப் போய்விட்டாய்.’ ‘பலாவின் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கிறது.’ ‘கடலோர ஊர்களின் இளைஞர்களிடம் இருக்கும் திறமை இன்னும் பயன்படுத்தப்படவில்லை.’ ‘மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டாமல் பால் வெட்ட முடியாது.’ எழுதி முடித்ததும், ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஒழுகுகிறது’ அல்லது ‘தொடுகிறது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆணிவேருக்கு மட்டும் ‘முளை’ என்று எழுதுங்கள்.

அந்த மாணவியும் இந்தப் பயிற்சியைச் செய்தாள். பிறகு பழைய வரியை அடித்துவிட்டு அதன்மேல் புதிதாக எழுதினாள்: ‘விடியும் முன்பே பால் வெட்டுகிறவர் மரத்தடிக்கு வந்துவிட்டார்.’